மலைக்குப் போன காற்று

அன்று பதினொன்றரை மணிப் பலூனை விட்டபோது ஆபீஸ் முற்றத்தில் இருந்தவர்கள்: நான். தியோடலைட் தூரக்கண்ணாடியில் கண் வைத்திருந்த அப்சர்வர். அவருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் பலகை வைத்து, கோணங்களை எழுதிக்கொண்டிருந்த கிளார்க். கேட்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேன். என் தங்கை. அவள் புருஷன். அவர்களுடைய பெரிய பெண், ஏழு வயது. சின்னப் பெண், அம்மா இடுப்பில்.

வேறு யாரும் இல்லை.

எழுபதுகளின் கடைசி அது. காரைக்கால் வானிலை ஆபீஸில் நான் காஸ் போடும் ஆள். காஸ்டிக் சோடாவையும் ஒரு கறுப்புப் பொடியையும் இரும்பு உருளைக்குள் போட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துக்கொண்டு காஸ் வரும். அதைப் பலூனில் ஏற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பலூன் வாயில் ஒரு எடைக்குண்டைத் தொங்கவிடுவேன். குண்டு மேலே போகாமல், தரையிலும் உட்காராமல், அந்தரத்தில் நின்றால் சரி. அப்படி நிரப்பிய பலூன் கடைசிவரை ஒரே வேகத்தில் ஏறும் என்பது கணக்கு. ஏறும் வேகம் தெரியும், எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத் தியோடலைட் காட்டும். இரண்டையும் வைத்து எந்த உயரத்தில் எந்தக் காற்று அடிக்கிறது என்று எழுதி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். கணக்கு அவர்கள் வேலை. காஸ் என் வேலை. இரண்டு கையிலும் காஸ்டிக் தெறித்து வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. எட்டாவது வரை படித்தவனுக்குச் சர்க்கார் வேலை. யார் விடுவார்கள்.

வானம் நீலமாக இருந்தால் வெள்ளைப் பலூன். மேகம் இருந்தால் சிவப்பு. மேகம் ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் எந்த நிறத்தில் விட்டும் பிரயோஜனம் இல்லை. விட்ட கொஞ்ச நேரத்தில் உள்ளே போய்விடும். கிளார்க் 'மேகம்' என்று எழுதிப் பலகையை மூடிவிடுவார். நான் உருளையைக் கழுவப் போய்விடுவேன். காற்று எப்படிப் போகிறது என்று கட்டாயம் தெரிய வேண்டிய நாட்களில்தான் வானம் மூடிக் கிடக்கும். பின்னால், எண்பதுகளில், ரேடியோ கட்டின பலூன் வந்தது. அது மேகத்துக்குள் போன பிறகும் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். நான் சொல்வது அதற்கு முன்னால்.

அந்த வாரம் முழுக்க மேகம்தான். கடலில் ஒரு தாழ்வு உண்டாகி, நாகப்பட்டினத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கரையேறிப் போயிருந்தது. நாள் கணக்கில் அடைமழை. அரசலாறு கரை தொட்டு ஓடியது. விட்ட பலூனெல்லாம் மேகம், மேகம், மேகம்.

அந்த மழையில்தான் தங்கை குடும்பம் வந்து சேர்ந்தது. அம்மா அந்த வருஷம் பங்குனியில் இறந்துபோனாள். அவளுக்கு அது முதல் கல்லறைத் திருநாள். முதல் வருஷம் பிள்ளைகள் யாரும் வராமல் இருக்கக் கூடாது. எங்கே இருந்தாலும் வந்து கல்லறையைக் கழுவி, செவந்திப்பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். தங்கை குன்னூர் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தாள். மாப்பிள்ளை பக்கத்து ஊர் பூவத்துக்காரர். இங்கே விவசாயம் ஓயாமல் கைவிட்டதால், யாரோ சொல்லி, அங்கே தேயிலை பேக்டரியில் சேர்ந்தார். பச்சை இலையைப் பரப்பி வாட்டுகிற மாடியில் வேலை. குடியிருக்க, வரிசையாக ஒட்டிக் கட்டின லைன் வீடுகளில் ஒன்று கொடுத்திருந்தார்கள்.

கல்லறைத் திருநாள் அன்றும் மழை. அம்மா கல்லறைக்கு இன்னும் சிமெண்டு போடவில்லை. மண் உள்வாங்கிப் பள்ளமாகக் கிடந்தது. ஒரு தட்டு மண் வெட்டிப் போட்டேன். ஊர் ஜனம் கொட்டாங்கச்சிக்குள்ளும் உடைந்த பானைக்குள்ளும் மெழுகுவத்தியை நட்டு வைத்திருந்தது. எங்களுடையது நிற்கவே இல்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. மாதா கோயில் சாமியார் குடைக்குள் நின்று மந்திரித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போனார். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் விடிந்தால் வெயில். ஒரு பொட்டு மேகம் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் இருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்தவர். காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, “மழை ஃபினி, முடிஞ்சுது” என்று கைகளைத் தட்டிக்கொண்டார். தெருவே அதைத்தான் சொன்னது. என் மனைவி மிளகாயைக் காயப் போட்டாள். மாப்பிள்ளை அன்று சாயங்காலம் நாலு மணி கும்பகோணம் பஸ்ஸில் கிளம்புவதாகச் சொன்னார். கும்பகோணம், திருச்சி, அங்கிருந்து கோயம்புத்தூர், விடிந்து மேட்டுப்பாளையம், அப்புறம் மலை பஸ். மறுநாள் மத்தியானம் வீடு.

“கிளம்புறதுக்கு முன்னாடி பிள்ளைங்களுக்குப் பலூனைக் காட்டிட்டுப் போறேன் மச்சான்” என்றார். அதனால்தான் அவர்கள் முற்றத்தில் இருந்தார்கள்.

வெள்ளைப் பலூனை நிரப்பிக் கொண்டுவந்தேன். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையை இறக்கினார். விட்டேன்.

“மாமா, அது எங்க போவும்?” என்று பெரிய பெண் கேட்டது.

“பாரு” என்றேன்.

கடல் பக்கமிருந்து காற்று. பலூன் எங்கள் தலைக்கு மேலே கொஞ்சம் ஏறி, நேராக மேற்கே சாய்ந்தது. பள்ளிக்கூடத்துத் தென்னைகளைத் தாண்டியது. சின்னதாகிக்கொண்டே மேற்கே போனது.

“நம்ம ஊருக்குத்தான் போவுது” என்று மாப்பிள்ளை பெண்ணிடம் சொன்னார். “மச்சான், டிக்கெட்டு எதுக்கு? எங்களையும் அதுல கட்டி விட்ருங்க. நேரா பேக்டரி மாடியில போய் இறங்கிக்கிறோம்.”

“உங்களைக் கட்டுனா பலூன் இங்கயே உக்காந்துடும்” என்றாள் தங்கை. மாப்பிள்ளை கனத்த உடம்பு. வாட்ச்மேன் சிரித்தார்.

“பேசாதீங்க, எண்ணு தப்பிடும்” என்றார் அப்சர்வர், கண்ணை எடுக்காமல்.

அவர் பாலக்காட்டுப் பக்கத்துப் பையன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நல்ல தமிழ் பேசுவார். கோணத்தைச் சொல்லச் சொல்ல கிளார்க் எழுதினார். எங்கள் கண்ணுக்குப் பலூன் மறைந்து நேரமாகிவிட்டது. தியோடலைட் விடவில்லை. சாதாரணமாக அந்த அளவுக்கு வேலை நீளாது. கிளார்க் தாளைத் திருப்பினார். எனக்கு வேறு வேலை இருந்தது, போகவில்லை.

“திரும்புது” என்றார் அப்சர்வர்.

“எந்தப் பக்கம்?”

“வந்த பக்கமே. வடகிழக்கா வருது. வேகமா வருது.”

அப்புறம் கொஞ்ச நேரத்தில் வெடித்துவிட்டது போல. காணோம் என்று நிமிர்ந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டார். தாள்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தங்கை குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஷெட்டில் உருளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்சர்வர் வந்து வாசலில் நின்றார். அவர் ஷெட்டுக்கு வருகிறவர் இல்லை. காஸ்டிக் நெடி அவருக்கு ஆகாது.

“அண்ணே, உங்க தங்கச்சி வீடு மலையில எந்தப் பக்கம்?”

“குன்னூர் பக்கம் சார்.”

“அது தெரியும். சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கு?”

யோசித்தேன். “காலையில வாசல்லயே சூரியன் வரும்னு சொல்லும்.”

“கிழக்கு” என்றார். பிறகு குந்தி உட்கார்ந்து, நான் கொட்டிய தண்ணீரில் விரலைத் தொட்டுச் சிமெண்டுத் தரையில் கோடு போட்டார்.

“இது நாம. இது மலை. கீழ்க்காத்து முழுக்கக் கடல்லேருந்து மேற்கே போவுது. தண்ணியைச் சுமந்துக்கிட்டுப் போவுது. எப்பவும் கொஞ்ச உயரம் போனா இந்தக் காத்து தளர்ந்துடும். இன்னிக்குத் தளரலை. மலை உசரத்தைத் தாண்டியும் அதே வேகம் இருக்கு. மலை குறுக்கே நிக்குது. காத்து என்ன பண்ணும்? ஏறும். ஏறுனா குளிரும். குளிர்ந்தா கொட்டும்.”

“இங்க இவ்வளவு கொட்டிடுச்சே சார். இன்னும் பாக்கி இருக்குமா?”

“கடல் காலியாயிடுமா அண்ணே?”

அவர் அந்தக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு இழுத்தார். அது வளைந்து, பள்ளம் மாதிரி இறங்கி ஏறியது.

“அப்புறம் பலூன் திரும்புச்சு இல்லையா, ரொம்ப மேலே? வடநாட்டு மேல ஓடுற மேல்காத்துல ஒரு வளைவு விழுந்திருக்கு. பள்ளம் மாதிரி. அது தெக்கே வரைக்கும் தொங்குது. அதுக்கு முன்பக்கம் மேல்காத்து விரிஞ்சு விரிஞ்சு விலகிப் போவும். மேலே விலகினா அந்த இடத்தை நிரப்பக் கீழே இருக்கிறது ஏறும். நெல்லு மில்லுப் புகைக்கூண்டு பார்த்திருக்கீங்களே, அது இழுக்கிற மாதிரி. கீழே காத்து தள்ளுது, மேலே இழுக்குது. நடுவுல மலை.”

“எப்ப சார் பெய்யும்?”

“நாளைக்கு இருக்கலாம். நாளன்னைக்கு இருக்கலாம். ஆனா அந்த வளைவு சீக்கிரம் நகராது. ஆரம்பிச்சா ஒரே இடத்துல நின்னு ஊத்தும்.” எழுந்தார். “பெய்யாமலும் போகலாம். நான் ஒரே ஒரு பலூனை வச்சுச் சொல்றேன். மெட்ராஸ்ல எல்லா ஊரு பலூனையும் போட்டுப் பார்ப்பாங்க. அவங்கதான் சொல்லணும். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க.”

வாசலில் நின்று திரும்பி, “ரெண்டு நாள் கழிச்சுப் போனா என்ன?” என்றார். போய்விட்டார். தரையில் கோடு காய்ந்துபோனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் அளப்பதுதான் வேலை. மழை வரும், வராது என்று வெளியே சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அது மெட்ராஸ் சொல்லும், ரேடியோ சொல்லும். சேர்ந்த அன்றே ஆபீஸ் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னது அது. கடைத்தெருவில், கோயிலில், சலூனில், எல்லாரும் என்னைக் கேட்பார்கள். கல்யாணத்துக்குப் பந்தல் போடலாமா, நாற்று விடலாமா, வலை போடலாமா. “ரேடியோவைக் கேளுங்க” என்பேன். வேறு ஒரு சொல் வராது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், தெருவில் என்னைக் கண்டாலே “ரேடியோவைக் கேளு” என்று முந்திக்கொள்வார்கள். இப்படி இருந்தவன் அன்று வீட்டுக்குப் போய், “இன்னிக்குப் போவ வேண்டாம்” என்றேன்.

இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். படகு போகாததால் மீன் இல்லை, கருவாட்டுக் குழம்பு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏன்?” என்றார் மாப்பிள்ளை.

“மலையில மழை வரும்.”

மாப்பிள்ளை வாசலைப் பார்த்தார். வெயில் பளீரென்று இருந்தது. மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. “மச்சான், இந்த வெயில்லயா?”

“அங்க.”

“இங்கேருந்து அங்க எப்படித் தெரியும்?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பள்ளம், வளைவு, புகைக்கூண்டு என்று அப்சர்வர் சொன்னது ஷெட்டில் புரிந்தது. இலைக்கு முன்னால் வரவில்லை. அவர் பேரையும் சொல்ல முடியாது. “பலூன் திரும்புச்சு” என்றேன்.

என் மனைவி சிரித்துவிட்டாள். “ஊரே கேட்டா வாயைத் திறக்க மாட்டாரு. இன்னிக்குத் திறந்தாரு, பாருங்க.”

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. “நாளைக்கு மத்தியானம் நான் பேர் கொடுக்கணும் மச்சான். லீவு முடிஞ்சு ஒரு நாள் தாண்டினாலும் லைன் வீட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவான். எத்தனை பேர் காத்துக் கெடக்கான் தெரியுமா? வீட்டை விட்டுட்டு இவங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க நிப்பேன்?”

அவர் சொன்னது நியாயம்.

“அப்ப தங்கச்சியும் பிள்ளைங்களும் இருக்கட்டும். நீங்க போங்க. ரெண்டு நாள் கழிச்சு நானே கொண்டாந்து விடுறேன்.”

தங்கை இலையிலிருந்து தலையைத் தூக்கினாள். “அண்ணே, அம்மா வீட்டுப் பங்கு பத்திப் பேசணும்னா நேரா பேசு. மழை கிழைன்னு ஏன் சுத்தி வளைக்கிறே?”

அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மா வீடு ஒரு கூரை வீடு, அதில் பங்கு போட என்ன இருக்கிறது. நான் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டார்கள். தகரப் பெட்டி ஒன்று, புழுங்கல் அரிசி மூட்டை ஒன்று, பூவத்துச் சொந்தக்காரர் கொடுத்த தேங்காய்ச் சாக்கு ஒன்று. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் பெரிய பெண் மட்டும் பலூன் இந்நேரம் எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தது.

பஸ் நின்றிருந்தது. கூரைமேல் ஏறிப் பெட்டியையும் மூட்டையையும் சாக்கையும் நானே வைத்துக் கட்டினேன். இறங்கினேன். அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். தங்கை ஜன்னலோரம். என்னைப் பார்க்கவில்லை. சின்னப் பெண் ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

நான் திரும்பவும் ஏணியில் ஏறினேன். கயிற்றை அவிழ்த்தேன். பெட்டியைக் கீழே போட்டேன். அது விழுந்த சத்தத்தில் டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அரிசி மூட்டையை உருட்டிவிட்டேன். அது விழுந்து வாய் பிரிந்தது.

“யோவ், மேல யாருய்யா? கிறுக்கா?” என்று கண்டக்டர் கத்தினார்.

மாப்பிள்ளை இறங்கி ஓடி வந்தார். தங்கை பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கி, கொட்டின அரிசியை முந்தானையில் அள்ள ஆரம்பித்தாள். கல்லும் மண்ணுமாக அள்ளினாள்.

“என்ன மச்சான் இது? நடுத்தெருவுல? மானம் போவுது!”

நான் கூரைமேல் நின்றுகொண்டு, “தங்கச்சி வரலை” என்றேன்.

“அதைச் சொல்ல நீங்க யாரு?”

“வரலை.”

கண்டக்டர் திரும்பவும் ஊதினார். பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை நீட்டிச் சத்தம் போட்டார்கள். மாப்பிள்ளை தங்கையைப் பார்த்தார். “வர்றியா இல்லையா?” அவள் முந்தானையில் பாதி அரிசி, தரையில் பாதி அரிசி. சின்னது அழுதது. “அரிசி கெடக்குதே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் இறங்கியதும் மாப்பிள்ளை ஏறிக்கொண்டார். படியில் நின்று, “உங்கண்ணன் பலூனையே கட்டிக்கிட்டு இரு” என்றார். பஸ் போனது. தேங்காய்ச் சாக்கு அவரோடு போய்விட்டது.

நானும் குந்தி அரிசி அள்ளினேன். தங்கை என் கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாளும் வெயில். ரொம்ப நல்ல வெயில். தங்கை என்னோடு பேசவில்லை. என் மனைவி சுளகில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே, “ஏங்க, பலூன் இன்னிக்கு என்ன சொல்லுது?” என்றாள். பென்ஷன்காரர் வேலிக்கு மேலே எட்டி, “மழை எங்கே வருது, ஆபீசர்?” என்றார். வழக்கமாக என்னை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

காலைப் பலூன் மேற்கே போனது. பதினொன்றரைப் பலூனும் மேற்கே போனது. அப்சர்வரைப் பார்த்தேன். “தங்கச்சி?” என்றார். “இருக்கு சார். மாப்பிள்ளை போயிட்டாரு.” அவர் வேறு பக்கம் பார்த்தார். அந்தி நேரம் மேற்கே அடிவானத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. எங்களுக்கு அது மேகம் மாதிரிகூட இல்லை. மண்சுவர் மாதிரி இருந்தது. ராத்திரிச் செய்தியில் மலை மாவட்டங்களில் கனமழை பெய்யக்கூடும் என்று சொன்னார்கள். பென்ஷன்காரர் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வேலிமேல் வைத்தார். செய்தி முடிந்ததும் எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கு அடுத்த நாள் காரைக்காலில் ஒரு தூறல்கூட இல்லை. ஆபீஸுக்கு மெட்ராஸிலிருந்து போன் வந்தது. மலை ஊர் ஒன்றில் மழைமானி நிரம்பி வழிந்துவிட்டதாம். எவ்வளவு பெய்தது என்று அவர்களுக்கே தெரியாது. சாலை போய்விட்டது, ரயில் பாதை போய்விட்டது, தந்திக் கம்பி போய்விட்டது. இதை அப்சர்வர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, “சரியா வந்திருக்கக் கூடாது அண்ணே” என்றார். நான் காஸ் போட்டேன். பலூன் அன்றும் மேற்கேதான் போனது.

வீட்டில் சொன்னேன். தங்கை பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை. வாரி முடித்து, ரிப்பன் கட்டி, பெண்ணை வெளியே அனுப்பினாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். பஸ் போனதிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

“மூட்டையை இறக்கினியே. அவரை ஏன் இறக்கலை?”

“மூட்டையைத் தூக்க முடிஞ்சுது” என்றேன்.

அவள் எழுந்து போஸ்டாபீஸுக்குப் போனாள். தந்தி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பி இல்லை. மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். என் மனைவி கேலி பேசுவதை நிறுத்தினாள். மெழுகுவத்தி வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். பேப்பரில் மலை ஊர்களின் பேர் வந்தது. எஸ்டேட் பேர் வரவில்லை. பூவத்திலிருந்து மாப்பிள்ளையின் அண்ணன் சைக்கிளில் வந்து திண்ணமாக ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போனார். நான் வேலைக்குப் போனேன், வந்தேன். காஸ்டிக் நெடி அந்த வாரம் மூக்கை விட்டே போகவில்லை. உடம்பில் ஒரு அசதி. தூக்கமின்மையால் வந்த அசதி இல்லை. தூங்கத்தான் செய்தேன்.

ஒரு மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். காலில் செருப்பு இல்லை. யாருடையதோ ஸ்வெட்டர், அவர் உடம்புக்குப் பற்றவில்லை, வயிறு தெரிந்தது. நகக்கண் எல்லாம் செம்மண். பெரிய பெண் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. தங்கை எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, “சாப்பாடு வைங்க அண்ணி” என்றாள்.

சாப்பிட்டார். நிறையச் சாப்பிட்டார். கை கழுவினார். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். நாங்கள் கேட்டுச் சொல்லவில்லை. தானாகச் சொன்னார்.

அவர் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் பேர் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரி முறை. இலை ஏராளமாக வந்து கிடந்ததாம், வாட்டு மாடியை விட்டு நகர முடியவில்லை. மழை அந்தியில் பிடித்தது. தகரக் கூரையில் ஒருத்தர் பேசினால் ஒருத்தருக்குக் கேட்கவில்லை. பேக்டரி வேறு மேட்டில் இருந்தது. விடியும் நேரம் ஏதோ லாரி கவிழ்ந்த மாதிரி சத்தம் கேட்டதாம். வெளிச்சம் வந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் தேயிலை இல்லை. சிவப்பாக இருந்தது. லைனில் இந்தப் பக்கத்து வீடுகள் நிற்கின்றன. அந்தக் கோடி வீட்டைக் காணோம். அந்தக் கோடி வீடு அவருடையது.

“வெட்டினோம். கையாலயும் வெட்டினோம். மூணாம் நாள்தான் கூரை தெரிஞ்சுது.”

“போவட்டும். வீடுதானே” என்றாள் என் மனைவி. “ஆளு தப்பிச்சீங்களே, அது போதும். பிள்ளைங்களும் இங்க இருந்துச்சு. மாதா புண்ணியம்.”

மாப்பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

“அடுத்த வீட்டு அக்கா” என்றார்.

தங்கைக்கு அந்த அக்காவைத் தெரியும். எங்களுக்கும் பேச்சில் தெரியும். சேலத்துப் பக்கத்திலிருந்து போனவர்கள். தங்கைக்குப் பிரசவம் பார்த்தது அந்த அம்மாள்தான்.

“அவங்க வீட்டுல தகரம் ஓட்டை. மழை பிடிச்சதும் உள்ளே நிக்க இடம் இல்லை. நான் ராத்திரி முறைக்குக் கிளம்பிட்டிருந்தேன். நீயும் பிள்ளைங்களும் இல்லை. நீங்க இருந்திருந்தா நம்ம வீட்டுல எடம் ஏது? காலியாக் கெடக்குதே, எல்லாரும் வந்து எங்க வீட்டுல படுங்கன்னு நான்தான் கூப்பிட்டேன். வேண்டாம் தம்பின்னுச்சு அக்கா. நான்தான் பாயை விரிச்சு வச்சுட்டுப் போனேன்.”

வெளியே பென்ஷன்காரர் வீட்டில் கோழியை விரட்டும் சத்தம் கேட்டது.

தங்கை என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் என்ன செய்ய. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் திரும்பி அவரிடம் கேட்டாள்:

“எல்லாருமா வந்து படுத்தாங்க?”

“ஆமா.”

“அக்கா, அந்த அண்ணன், மாமியாக் கெழவி…”

“பிள்ளைங்களும்தான்.”

“கைப்பிள்ளையுமா?”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மொத்தம் எத்தனை பேரு?” என்றேன். அன்று நான் பேசியது அது ஒன்றுதான்.

“ஆறு.”